மின்சாரப் பிக்கப் டிரக் வாங்கினால் 7,500 டாலர் சலுகை கிடைக்குமா?

ஃபோர்டு எஃப்-150 லைட்னிங், ரிவியன் ஆர்1டி, டெஸ்லா சைபர்டிரக்...

அமெரிக்காவில் ஓடும் இந்த மின்சாரப் பிக்கப் டிரக்குகளைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே கூடவே ஒரு கேள்வியும் வரும்: "வாங்கினா அரசாங்கம் 7,500 டாலர் தருமாமே, உண்மையா?"

சுருக்கமான பதில்: இப்போது வாங்கினால் கிடையாது. 2025 செப்டம்பர் 30க்குள் வாங்கியிருந்தால் கிடைக்கலாம்.

"கிடைக்கும்" இல்லை, "கிடைக்கலாம்". ஏன்? பார்ப்போம்.

அது கையில் தரும் பணமா?

இல்லை. கட்டவேண்டிய வருமான வரியிலிருந்து நேரடியாகக் கழிக்கப்படும் தொகை அது.

ஒருவர் கட்டவேண்டிய வரி 9,000 டாலர் என்றால், சலுகை போக 1,500 டாலர் கட்டினால் போதும்.

சரி, வரியே 4,000 டாலர்தான் என்றால்? சலுகையும் 4,000 டாலரோடு நின்றுவிடும். மீதி 3,500 டாலர் போனதுதான்.

2024இல் இது மாறியது. சலுகையை விற்பனையாளர் பெயருக்கு மாற்றிவிட்டு, வாங்கும்போதே விலையில் கழித்துக்கொள்ளலாம். அப்படிச் செய்தால், வரி குறைவாக இருந்தாலும் முழுத் தொகையும் கிடைத்தது.

எந்த டிரக் தகுதிபெறும்?

2022இல் வந்த பணவீக்கக் குறைப்புச் சட்டம் மூன்று விஷயங்களைப் பார்த்தது.

• விலை: தயாரிப்பாளர் அறிவித்த விலை 80,000 டாலரைத் தாண்டக்கூடாது. (சாதாரணக் கார்களுக்கு 55,000 டாலர்தான்.) தொழிற்சாலையிலேயே சேர்க்கும் கூடுதல் வசதிகளும் அந்தக் கணக்கில் அடங்கும். அதனால் ஒரே டிரக்கின் குறைந்த விலை ரகத்துக்குச் சலுகை உண்டு, உயர் ரகத்துக்கு இல்லை என்ற நிலை வரலாம்.

• இடம்: வட அமெரிக்காவில்தான் வாகனம் இறுதியாகப் பொருத்தப்பட வேண்டும்.

• பேட்டரி: இங்கேதான் தொகை இரண்டாகப் பிரிகிறது. பேட்டரியில் உள்ள முக்கியக் கனிமங்கள் விதிக்கு உட்பட்டால் 3,750 டாலர். அதன் பாகங்கள் விதிக்கு உட்பட்டால் இன்னொரு 3,750 டாலர்.

2023இல் என்ன நடந்தது தெரியுமா? மிச்சிகனில் தயாரான லைட்னிங்கிற்கு 7,500 டாலர். இல்லினாயில் தயாரான ஆர்1டிக்கு 3,750 டாலர்தான். இரண்டுமே அமெரிக்காவில் உருவானவை. ஆனாலும் தொகை பாதியானது பேட்டரியால்!

வாங்குபவருக்கும் வரம்பு உண்டா?

உண்டு. ஆண்டு வருமானம் இதற்குமேல் போகக்கூடாது:

• தனிநபர்: 150,000 டாலர்
• குடும்பத் தலைவராக வரி தாக்கல் செய்பவர்: 225,000 டாலர்
• சேர்ந்து தாக்கல் செய்யும் தம்பதி: 300,000 டாலர்

வாகனம் கைக்கு வந்த ஆண்டு, அதற்கு முந்திய ஆண்டு, இரண்டில் எந்த ஆண்டு வருமானம் குறைவோ அதை எடுத்துக்கொள்ளலாம்.

கடையிலேயே சலுகையை வாங்கியாச்சு, அப்புறம் பார்த்தால் இரண்டு ஆண்டும் வருமானம் வரம்பைத் தாண்டிவிட்டது... அப்போது? அந்தத் தொகையை வரித்துறைக்குத் திருப்பிக் கட்டவேண்டும்.

ஏன் முடிவுக்கு வந்தது?

முதலில் 2032 வரை நீடிப்பதாகத்தான் இருந்தது. 2025 ஜூலை 4ஆம் தேதி அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம், செப்டம்பர் 30ஆம் தேதியே அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது.

ஆனால் ஒன்று. அந்தத் தேதிக்குள் எழுத்துபூர்வ ஒப்பந்தம் போட்டு, முன்பணமாவது கட்டியிருந்தால், வண்டி பிறகு கைக்கு வந்தாலும் சலுகை கோரலாம். அதற்குப் படிவம் 8936. அங்கே இருக்கும் உறவினர் யாராவது அந்தச் சமயத்தில் வாங்கியிருந்தால், ஒப்பந்தத்தையும் பணம் கட்டிய ரசீதையும் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். தேதிதான் ஆதாரம்.

சிங்கப்பூரில் எப்படி?

இங்கே முறையே வேறு. மின்சாரக் கார் வாங்கினால் வருமான வரியில் அல்ல, கூடுதல் பதிவுக் கட்டணத்தில் 45 விழுக்காடு தள்ளுபடி. வாங்குபவரின் சம்பளத்தை யாரும் கேட்பதில்லை. 2026க்கான உச்சவரம்பு, தற்செயலாக அதே எண்: 7,500 வெள்ளி.

அதற்கும் கடைசித் தேதி உண்டு: 2026 டிசம்பர் 31. அமெரிக்காவோ சிங்கப்பூரோ, விலையைப் பார்க்கும் முன்பு தேதியைப் பாருங்கள்.