வாயிற்படியில் ஒரு நாய்க்குட்டி

கார்த்திகை பிறந்து பனி இறங்கத் தொடங்கியதும், வடபுலத்து நகரங்களில் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களில் ஒரு வழக்கு எழுவதுண்டு. பள்ளியிலிருந்து திரும்பும் பிள்ளை, புத்தகப் பையோடு மற்றொரு சுமையையும் கம்பளிச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வரும். அச்சுமை முனகும். அன்னையார் வாயிற்படியில் நின்று, "எங்கிருந்து எடுத்தாயோ அங்கேயே கொண்டுபோய் விட்டுவிட்டு வா" என்பார். பிள்ளை அழும். தந்தையார் அலுவலகத்திலிருந்து வரும்வரை வழக்கு ஒத்திவைக்கப்படும். அதற்குள் குட்டி ஒரு கிண்ணம் பாலைக் குடித்துவிட்டுச் சமையலறை மூலையில் உறங்கிப்போயிருக்கும்.

இவ்வழக்கில் தீர்ப்புக் கூறுதல் நம் நோக்கமன்று. பிள்ளையின் கண்ணீரில் நியாயம் உண்டு. வாடகை வீட்டையும் மாத வரவையும் எண்ணிப் பார்க்கும் அன்னையின் சொல்லிலும் நியாயம் உண்டு. ஆயினும், இரு திறத்தாரும் அறிந்திருக்க வேண்டிய செய்திகள் சில உள்ளன. எடுத்த குட்டி பிழைப்பது பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று நாள்களில் நாம் செய்வதைப் பொறுத்தது. பிழைத்த குட்டி மீண்டும் தெருவுக்குப் போகாதிருப்பதோ, நமக்கு மாற்றல் உத்தரவு வரும் நாளில் நாம் செய்வதைப் பொறுத்தது. முன்னதைப் பற்றியாவது சிலர் பேசுகின்றனர். பின்னதை ஒருவரும் பேசக் காணோம்.

நம் நாட்டுத் தெருநாய்கள் பெரும்பாலும் மழைக்காலத்தின் கடைப்பகுதியில் இணைசேர்ந்து, ஏறத்தாழ 63 நாள் சுமந்து, குளிர் மாதங்களில் குட்டி ஈனுகின்றன. ஆகவேதான் மார்கழியிலும் தையிலும் மூலைக்கு மூலை குட்டிகளைக் காண்கிறோம். மேற்கு வங்காளத்தில் அறிஞர் சிலர் 95 ஈற்றுகளைச் சேர்ந்த 364 குட்டிகளைத் தொடர்ந்து கவனித்து, 2016-ஆம் ஆண்டில் தம் ஆராய்ச்சியை வெளியிட்டனர். ஏழாம் மாதத்தை எட்டியவை 100-க்கு 19 மட்டுமே. இறந்தவற்றுள் பாதிக்கு மேற்பட்டவற்றின் முடிவுக்கு ஏதோ ஒரு வகையில் மனிதரே காரணமாயிருந்தனர் என்பதையும் அவர்கள் கண்டனர்.

ஆதலின், குட்டியைத் தூக்குமுன் கேட்க வேண்டிய முதற் கேள்வி, அது மெய்யாகவே கைவிடப்பட்டதா என்பது. தாய்நாய் இரை தேடிச் சென்றிருக்கலாம். ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டு, வயிறு நிறைந்து, ஓசையின்றி உறங்கும் குட்டிகள் அனாதைகள் அல்ல. அவற்றை எடுத்து வருவது அறமன்று, பறித்தலேயாகும். எட்ட நின்று இரண்டு மூன்று மணி நேரம் பார்த்திருத்தல் நலம். மனிதர் கைபட்ட குட்டியைத் தாய் ஏற்காது என்று பலர் நம்புவது நாயின் திறத்தில் உண்மையன்று. வண்டி வரும் பாதையில் கிடந்தால், தாயின் கண்ணுக்கு எட்டும் தொலைவில் ஓரமாக நகர்த்தி வைக்கலாம். தாய்க்கு நாள்தோறும் ஒரு பிடி உணவும், குட்டிகளின் கீழே ஒரு பழைய சாக்கும் இட்டாலே பெரும்பாலும் போதுமானது.

ஓயாது கத்திக் களைத்த குட்டி, உடல் சில்லிட்டது, வயிறு ஒட்டியது, புண்ணில் ஈ மொய்ப்பது, அட்டைப் பெட்டியிலோ கோணிப்பையிலோ கட்டி எறியப்பட்டது ஆகியவை வேறு. இவற்றுக்கு உடனே கை கொடுத்தாக வேண்டும். எறியப்பட்டவற்றுள் பெட்டைக் குட்டிகளே மிகுதி. அந்த மனப்பான்மை நாய்க்குட்டிகளோடு நின்றுவிடுவதில்லை என்பதை வாசகர் அறிவர்.

எடுத்து வந்த குட்டிக்கு முதலில் தேவைப்படுவது உணவன்று, வெதுவெதுப்பு. பிறந்து இரண்டு மூன்று வாரம் வரை குட்டியால் தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ள இயலாது. சில்லிட்ட உடம்பில் குடலும் இயங்காது. அந்நிலையில் வாயில் ஊற்றும் பால் செரியாமல் கிடந்து ஊறு விளைக்கும், அல்லது மூச்சுக் குழாயில் இறங்கும். ஆகவே, வெந்நீர் நிரப்பிய புட்டியைத் துண்டில் சுற்றி, ஓர் அட்டைப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வைக்க வேண்டும். சூடு மிகுந்தால் குட்டி மறுபக்கம் நகர்ந்துகொள்ள இடம் இருத்தல் வேண்டுமன்றோ? அறைச் சூடாக்கியின் அருகே கிடத்துவதும், வந்த அன்றே குளிப்பாட்டுவதும் கூடாதவை. அழுக்கை ஈரத்துணியால் துடைத்து உலர்த்தினால் போதும். உண்ணியை ஒழிக்க மண்ணெண்ணெய் பூசுவோர் உளர். அது உண்ணியோடு குட்டியையும் ஒழித்துவிடும்.

அடுத்தது பால். பசும்பாலில் நாயின் பாலில் உள்ள அளவு கொழுப்பும் புரதமும் இல்லை. பாற்சர்க்கரையோ அதனினும் மிகுதி. இளங்குட்டிக்கு இது பேதியை உண்டாக்கும். பேதி கண்ட குட்டி ஒரு நாளில் வற்றிவிடும். நம் வீடுகளில் அன்போடு தண்ணீர் விலாவி ஊட்டப்படும் பால் பசியை மறைக்கிறதே ஒழிய வளர்ச்சி தருவதில்லை. நாய்க்குட்டிகளுக்கென்றே செய்யப்பட்ட பால்மாவு கால்நடை மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. கண் திறவாத குட்டிக்கு இரண்டு மூன்று மணிக்கொரு முறை, இரவிலும், ஊட்ட வேண்டும். ஊட்டும்போது மனிதக் குழந்தையைப்போல் மல்லாத்திப் பிடித்தல் ஆகாது. தாயிடம் குடிப்பதைப்போல வயிறு கீழே படிய வைத்தே ஊட்ட வேண்டும். ஊட்டியபின் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் அடிவயிற்றையும் ஆசனவாயையும் மெல்ல வருடினால்தான் அது சிறுநீரும் மலமும் கழிக்கும். தாய்நாய் தன் நாவால் செய்யும் தொண்டு அது. சமையலறைத் தராசில் நாள்தோறும் நிறுத்துக் குறித்து வருவது மிகச் சிறந்த பழக்கம். எடை ஏறவில்லையெனில் மறுநாள்வரை காத்திராமல் மருத்துவரை நாட வேண்டும்.

வயதை அறிய எளிய குறிகள் உண்டு. கண் மூடியிருந்தால் இரண்டு வாரத்துக்குட்பட்டது எனலாம். ஈற்றில் பால்பற்கள் முளைவிட்டிருந்தால் மூன்று நான்கு வாரம் கடந்தது; குழைந்த சோற்றோடு வேகவைத்த கோழிக்கறியையோ முட்டையையோ மசித்துத் தொடங்கலாம். மரக்கறி உண்ணும் இல்லத்தார் இங்கே தயங்குவர். நாய் மரக்கறியிலும் உயிர் வாழும். ஆனால் வளரும் குட்டிக்கு வெறுந் தயிர்ச்சோறு போதாது. கடையில் விற்கும் குட்டித் தீனியை வாங்கி வைத்தால் கொள்கையும் குட்டியும் பிழைக்கும்.

நம் அடுப்பங்கரைக்கே உரிய அபாயம் ஒன்றுண்டு. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்த அணுக்களைச் சிதைப்பவை. சின்ன வெங்காயச் சாம்பார் கலந்த மிச்சச் சோறு அதற்கு விருந்தன்று. பாயசத்திலிருந்து பொறுக்கிப் போடும் உலர்ந்த திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்கொலேட்டும் நஞ்சே. காய்ச்சலுக்கென்று நாம் விழுங்கும் மாத்திரைகளை அதற்குக் கொடுத்தல் பெருங்கேடு.

குடற்புழு மருந்து இரண்டாம் வாரத்திலிருந்தே மருத்துவர் சொற்படி கொடுக்கப்படுவது. அப்புழு குழந்தைகளுக்கும் தொற்றுமாதலால், தொட்டபின் கை கழுவும் பழக்கம் வேண்டும். ஆறாவது முதல் எட்டாவது வாரத்துக்குள் பார்வோ, டிஸ்டெம்பர் முதலிய நோய்களுக்கான தடுப்பூசி தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில், 16 வாரம் ஆகும்வரை போடப்படுகிறது. பார்வோ கொடியது. வாந்தியும் இரத்தம் கலந்த நாறும் பேதியும் கண்டால் அன்றே சிகிச்சை வேண்டும். அந்நோயால் ஒரு குட்டி இறந்த வீட்டில் நச்சுக்கிருமி மாதக்கணக்கில் தங்கியிருக்கும். ஊசி போடாத மற்றொரு குட்டியை உடனே கொண்டுவருதல் கூடாது.

வெறிநாய்க்கடி நோயைப் பற்றிப் பெற்றோருக்குத் தனியே ஒரு சொல். "குட்டிதானே, பல்கூட முளைக்கவில்லை" என்று இருந்துவிடலாகாது. தெருவில் பிறந்த குட்டிக்கும் அந்நோய் இருக்கக்கூடும். பல்லோ நகமோ பட்டுக் கீறினால், சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் சென்று ஊசியைத் தொடங்க வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் மிளகாய்ப் பொடியும் அப்புவது தீங்கு. நோய்க்குறி தோன்றியபின் காப்பாற்றுதல் அநேகமாக இயலாது. அதற்குமுன் தடுத்தல் முற்றிலும் இயலும். குட்டிக்கு மூன்று மாதமானதும் அதற்கும் இவ்வூசி போட்டு, மருத்துவர் கூறும் காலத்தில் மறுபடியும் போட்டுவர வேண்டும்.

இவ்வளவும் செய்து வளர்த்த குட்டி நம் வீட்டில் எப்படி இருக்கும் என்று சொல்லாமல் விடுவது குறையாகும். அது தமிழ் நாய் ஆகிவிடும். தெருவிலே "ஹட், ஹட்" என்ற அதட்டலைக் கேட்டுப் பிறந்தது, நம் கூடத்தில் "வா", "உட்கார்", "போதும்" என்பவற்றைக் கற்றுக்கொள்ளும். நம் பிள்ளைகளுள் சிலர் தம்முள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் பேசிக்கொண்டு, நாயிடம் மட்டும் தமிழ் பேசுவதைக் கண்டிருக்கிறோம். அண்டை வீட்டாரோடும் அது நம்மை இணைக்கும். முதல் ரொட்டி பசுவுக்கு, கடைசி ரொட்டி நாய்க்கு என்பது வடநாட்டு மக்களின் பழைய வழக்கம். அந்தக் கடைசி ரொட்டியோடு மாடிப்படி இறங்கி வரும் பஞ்சாபி அம்மையாரோடு நம் வீட்டுப் பெண்டிர் பேசத் தொடங்கியது நாயை முன்னிட்டே.

இனி மாற்றல் உத்தரவுக்கு வருவோம். குடியிருப்பு ஒன்றில் நாம் கண்டதைக் கூறுகிறோம். ஒரு குடும்பம் தெற்கே மாற்றலாகிப் போயிற்று. சாமான்கள் லாரியில் ஏறின. ஆறு வயதான நாயைக் காவலாளியிடம் ஒப்படைத்து, இரண்டு மாதத் தீனிக்குப் பணமும் கொடுத்துச் சென்றனர். கல்நெஞ்சர் அல்லர், அழுதுகொண்டே போனார்கள். நாய் பூட்டிய கதவின்முன் இரண்டாம் மாடியில் படுத்துவிட்டது. காவலாளி இந்தியில் எவ்வளவோ கொஞ்சி அழைத்தும் இறங்கி வரவில்லை. வைத்த உணவையும் முகர்ந்துவிட்டு விலகிற்று. நான்காம் நாள் அடுத்த கட்டிடத்திலிருந்த ஒரு மூதாட்டியார் செய்தி கேள்விப்பட்டுப் படியேறி வந்து, "வாடா மணி, சாதம் வெச்சிருக்கேன்" என்றார். எழுந்து, அவர் பின்னாலேயே போயிற்று. எல்லா நாய்க்கும் அப்படி ஒரு பாட்டி வாய்ப்பதில்லை.

நாயின் ஆயுள் 12 ஆண்டு, 14 ஆண்டு. நம் வாடகை ஒப்பந்தமோ பெரும்பாலும் 11 மாதம். வேலைக் கட்டளை மூன்று அல்லது நான்கு ஆண்டு. இக்கணக்கைக் குட்டி வந்த வாரத்திலேயே குடும்பத்தார் உட்கார்ந்து போட்டுப் பார்த்தல் வேண்டும். வளர்க்க இயலாது எனத் தோன்றினால் அதில் இழுக்கொன்றும் இல்லை. ஆறு வாரமோ எட்டு வாரமோ வைத்திருந்து தேற்றி, ஊசி போட்டு, நிலையாக அவ்வூரில் வாழும் ஒரு குடும்பத்துக்குக் கொடுப்பதும் முழுமையான உதவியே. இரண்டு மாதக் குட்டியை விரும்பி ஏற்போர் உண்டு. ஆறு வயது நாயை ஏற்போர் அரியர். பெட்டையாயின், கருத்தடை அறுவைக்கு உதவுவதாகவும் ஒப்புக்கொண்டு கொடுப்பது நலம்.

வளர்த்த நாயைத் தெருவில் விடுவது சட்டப்படியும் குற்றம். 1953-இல் மாநிலங்களவையில் விலங்குகளுக்காக மசோதா கொண்டுவந்தவர் நம் ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார். அரசினரே சட்டம் செய்வதாக உறுதி கூற, அவர் தம் மசோதாவைத் திரும்பப் பெற்றார். அதன் பயனாக 1960-இல் வந்த விலங்குவதைத் தடுப்புச் சட்டம், பசியாலும் தாகத்தாலும் வருந்தும்படி விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுவதைக் குற்றமென்றது. முதற் குற்றத்துக்கு அது வகுத்த தண்டம் 10 முதல் 50 ரூபாய்! சட்டத்தின் அச்சம் எவ்வளவு என்பதை இத்தொகையே கூறும். தெருவோ இந்நாளில் முன்னைப்போலும் இல்லை. தில்லியின் தெருநாய்களை எல்லாம் காப்பகங்களில் அடைக்க வேண்டுமென்று 2025 ஆகஸ்டு 11-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஆகஸ்டு 22-இல் அதனை மாற்றி, வெறிநோய் கண்டவையும் தாக்கும் இயல்புடையவையும் நீங்கலாக, கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்தவற்றைப் பழைய இடத்திலேயே விடுமாறு பணித்தது. வீட்டுத் திண்ணை அன்றி வேறொன்றும் அறியாத நாய் இத்தகைய நாளில் தெருவில் என்ன செய்யும்?

உடன் அழைத்துச் செல்ல வழி உண்டு. புகைவண்டியில், முதல் வகுப்புக் குளிர்சாதனப் பெட்டியின் இருவர் அறையையோ நால்வர் அறையையோ முழுவதுமாக ஒதுக்கிக்கொண்டால் நாயை அருகிலேயே வைத்துக்கொள்ளலாம். பார்சல் அலுவலகத்தில் அதற்கெனக் கட்டணம் செலுத்திச் சீட்டுப் பெற வேண்டும். ஊசிக் குறிப்பேடும் மருத்துவர் சான்றும் கையில் இருத்தல் நன்று. பிற வகுப்புகளில் நாய்க்கு இடமில்லை. கார்டு பெட்டியிலுள்ள நாய்க்கூண்டில்தான் ஏற்ற வேண்டும். தில்லியிலிருந்து சென்னை ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். முப்பது மணிக்கு மேற்பட்ட பயணம். சித்திரை வைகாசியில் அந்தக் கூண்டு வேண்டவே வேண்டாம். மாற்றல் கோடையில் வந்தால், நாயை ஒரு நண்பர் இல்லத்தில் விட்டுவைத்து ஐப்பசியில் வந்து அழைத்துப் போகலாம். புறப்படுமுன் வயிறு நிறைய ஊட்டாமல், பழைய படுக்கைத் துணியைக் கூண்டில் விரித்துவிட வேண்டும். போபாலிலும் நாகபுரியிலும் விஜயவாடாவிலும் வண்டி நிற்கும் சில நிமிடங்களில் இறங்கி ஓடி, கார்டிடம் சொல்லித் தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்பிவிட்டு, பெயர் சொல்லி ஒருமுறை அழைத்துவிட்டு வரலாம்.