பூட்டில்லாத கைத்துப்பாக்கி

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையிலிருந்து கேரளத்துக்கு லாரிகள் புறப்பட்டுப் போன பின்பு, அன்றைய வசூலை மடியில் கட்டிக்கொண்டு பழனி சாலையிலும் தாராபுரம் சாலையிலும் அகாலத்தில் தனியே வீடு திரும்பும் வியாபாரி ஒருவருக்கு, தற்காப்பின் பொருட்டு ஒரு பிஸ்டல் வாங்கி வைத்துக்கொண்டால் என்ன என்ற எண்ணம் தோன்றுவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. தோன்றியதும் அவர் கேட்கும் முதற்கேள்வி, குறைந்த விலையில் புதிதாக எது கிடைக்கும் என்பதாகவே இருக்கும். இக்கேள்விக்குரிய விடையின் பெரும்பகுதியை நியூட்டனின் மூன்றாம் விதியும் இந்தியாவின் ஆயுதச் சட்டமும் சேர்ந்து முன்கூட்டியே நிர்ணயித்து வைத்திருக்கின்றன. விதியும் சட்டமும் ஒரே இடத்தில் வந்து சந்திக்கும் அந்த விசேஷத்தை அறியாமல் கடைக்குப் போகிறவர், தம் பணத்துக்கு எது கிடைக்கிறது, ஏன் கிடைக்கிறது என்பதை அறியாமலே திரும்ப நேரிடும்.

ஒரு முறை சுட்டதும் வெற்றுத் தோட்டாவைத் தானே வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவைத் தானே குழலுக்குள் ஏற்றிக்கொண்டு, விசையை மீண்டும் அழுத்தும் வரை காத்து நிற்கும் கைத்துப்பாக்கியைத்தான் அரைத் தானியங்கி பிஸ்டல் என்கிறோம். இதை எளிமையாக்கி உலகெங்கும் பரவச் செய்தவர் அமெரிக்காவின் ஆக்டன் நகரில் 1855இல் பிறந்த ஜான் பிரௌனிங். அவர் வடிவமைத்த பிஸ்டல்கள் பெல்ஜியத்து ஆலையொன்றில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து லட்சக்கணக்கில் உற்பத்தியாயின. தமிழ்நாட்டின் சரித்திரத்துக்குள்ளும் அவற்றுள் ஒன்று நுழைந்திருக்கிறது: 1911 ஜூன் 17ஆம் தேதி மணியாச்சி ரயில் நிலையத்தில், கொடைக்கானலுக்குப் பயணப்பட்டுக்கொண்டிருந்த கலெக்டர் ஆஷ் துரையை வாஞ்சிநாதன் சுட்டதும், பின் தம் உயிரை மாய்த்துக்கொண்டதும் பெல்ஜியத்தில் செய்த ஒரு பிரௌனிங்கினால்தான். மூன்றாண்டுகள் கழித்துச் சரயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டு மகாயுத்தத்துக்குக் காரணமாயிருந்ததும் அதே ஆலையிலிருந்து வந்த பிரௌனிங்கே.

அக்காலத்துச் சிறிய பிரௌனிங்குகளின் உள்ளமைப்பை ஆராய்ந்தால், குழலின் பின்வாயை அடைத்து நிற்கும் இரும்புப் பாளத்தை, அதாவது ஸ்லைடை, குழலோடு பிணைத்து வைக்கும் பூட்டு எதுவும் இல்லை என்பது முதலில் கண்ணில் படும். ஆயிரம் வளிமண்டலங்களுக்கு மேற்பட்ட அழுத்தத்தோடு மருந்து எரிந்து வாயுவாகும் அத்தருணத்தில், அடைப்பு திறந்துகொண்டு சுடுபவன் முகத்தில் பாயாமல் தடுப்பது எது? ஸ்லைடின் கனமும் அதன் பின்னாலுள்ள ஸ்பிரிங்கும் மட்டுமே. இவ்விரண்டிலும் கனத்தின் பங்கே பெரிது. பரிசலிலிருந்து கரைக்குத் தாவுகிறவன் முன்னே போகும்போது பரிசல் பின்னே நகர்வதுபோல, குண்டு முன்னே போகும்போது ஸ்லைடு பின்னே நகர்கிறது. பரிசல் எவ்வளவு கனமோ அவ்வளவு மெதுவாக நகரும்.

இதைக் கணக்கிட்டுப் பார்ப்பது சுவையான விஷயம். பிரௌனிங் 1899இல் உண்டாக்கிய 7.65 மில்லிமீட்டர் தோட்டாவில், நம் நாட்டு வழக்கில் பாயிண்ட் 32 என்று சொல்லப்படும் தோட்டாவில், குண்டின் எடை சுமார் 4.6 கிராம், வெளியேறும் வேகம் விநாடிக்குச் சுமார் 275 மீட்டர். ஸ்லைடின் எடையை 350 கிராம் என்று கொண்டால், குண்டு 9 சென்டிமீட்டர் நீளமுள்ள குழலைக் கடந்து முடிக்கும்போது ஸ்லைடு பின்னோக்கி நகர்ந்திருக்கும் தூரம் ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர்தான். விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த காலத்தில் இது நிகழ்ந்துவிடுகிறது; குண்டு வெளியேறி அழுத்தம் தணிந்த பின்னரே பித்தளைக் கூடு முழுவதும் வெளிவருகிறது. பூட்டு இல்லாமலே பூட்டின் காரியம் நிறைவேறுகிறது. நுட்பமாகக் கடைய வேண்டிய பாகங்கள் குறைகின்றன, ஆகவே விலையும் குறைகிறது.

இதே அமைப்பில் போலீசாரும் படையினரும் கையாளும் 9 மில்லிமீட்டர் தோட்டாவை இட்டால் என்ன ஆகும்? அதன் குண்டு சுமார் 7.5 கிராம், வேகம் விநாடிக்கு 360 மீட்டரை நெருங்குகிறது. பின்தள்ளும் உந்தம் இரு மடங்குக்கு மேலாகிவிடுவதால், ஸ்லைடும் இரு மடங்கு கனக்க வேண்டும். அமெரிக்காவில் ஒஹையோ மாகாணத்தில் செய்யப்படும் ஹை-பாயிண்ட் என்னும் மலிவு பிஸ்டல் இந்த வழியையே பின்பற்றி, துத்தநாகக் கலப்பு உலோகத்தாலான பருத்த ஸ்லைடைச் சுமந்துகொண்டு விற்பனையாகிறது. கனத்தை விரும்பாதவர்கள் பிரௌனிங்கின் இன்னொரு யுக்தியை, குழலையும் ஸ்லைடையும் கணநேரம் ஒன்றோடொன்று கோத்துப் பின்பு குழலைச் சாய்த்துப் பிரித்துவிடும் யுக்தியை, நாடுகிறார்கள். 1980களில் புறப்பட்டு உலகை ஆண்ட ஆஸ்திரியாவின் கிளாக் பிஸ்டலும் இந்த வகுப்பைச் சேர்ந்ததே.

நம் வியாபாரிக்கு இவ்விரண்டு வழிகளுமே அடைபட்டிருக்கின்றன, அடைத்தது சட்டம். 1878ஆம் வருஷத்து ஆங்கில அரசின் சட்டத்தை நீக்கிவிட்டு வந்த 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டமும் அதையொட்டிய விதிகளும், 9 மில்லிமீட்டர் உள்ளிட்ட படைத்துறை அளவுகளைச் சாதாரணக் குடிமகனுக்கு விலக்கி வைத்து, கைத்துப்பாக்கிகளில் பெரும்பாலும் பாயிண்ட் 32ஐயே அவனுக்கு விட்டுவைத்தன. ஆக, அவனுக்குக் கிடைப்பது வலிமை குறைந்த தோட்டா. அந்த வலிமை குறைந்த தோட்டாவுக்குப் பூட்டில்லாத எளிய யந்திரமே தாராளமாகப் போதும் என்பது பௌதிகத்தின் தீர்ப்பு. நூறு வருஷங்களுக்கு முந்தைய யந்திரத் தத்துவம் இந்தியக் கடைகளில் இன்றும் புதுச்சரக்காக விற்பதற்குக் காரணம் இந்தச் சந்திப்புதான்.

அரசின் ஆயுதத் தொழிற்சாலைகள் செய்துவந்த 'அசனி' என்னும் பாயிண்ட் 32 பிஸ்டல் இந்த வகையின் நேர் வாரிசு. அத்தொழிற்சாலைகள் 2021 அக்டோபர் முதல் தேதியில் ஏழு கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டபோது சிறு ஆயுதங்கள் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட கம்பெனியின் வசமாயின. திருச்சியில் 1966இல் நிறுவப்பட்ட துப்பாக்கித் தொழிற்சாலையும் அதில் அடங்கும். 1980களின் நடுவிலிருந்து தனிமனிதர்களுக்கான இறக்குமதி அநேகமாக நின்றுபோனதால், அதற்கு முன் வந்த பழைய ஜெர்மன், பெல்ஜியம் பிஸ்டல்கள் தம் தாய்நாட்டு விலையைப் போலப் பன்மடங்குக்கு இங்கே கைமாறுகின்றன. சிக்கனம் கருதுகிறவர் அந்தப் பழம்பெருமையின் பின்னே போகாமல், உள்நாட்டுப் புதுச்சரக்கையே வாங்குவது நலம் என்பது என் உறுதியான அபிப்பிராயம். ஏனென்றால் நூறு வயதான ஸ்பிரிங்குக்கு எந்தப் பெருமையாலும் இளமையைத் திருப்பித் தர இயலாது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவற்றுள் தலையாயது தோட்டா. லைசென்ஸில் பாயிண்ட் 32 என்று ஒரே எண்ணாக எழுதியிருந்தாலும், ரிவால்வருக்குரிய பாயிண்ட் 32 தோட்டா வேறு, பிஸ்டலுக்குரியது வேறு. முன்னது நீண்டு, அகன்ற விளிம்போடு இருக்கும். பின்னதன் விளிம்பு மிகக் குறுகியது. ஒன்றை மற்றொன்றில் இடலாகாது. அந்தக் குறுகிய விளிம்பும் ஒரு தொல்லையைத் தருவதுண்டு: தோட்டாக்களை அடுக்கும் பெட்டியான மேகசினில் மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவினுடைய விளிம்புக்குப் பின்னால் சிக்கிக்கொண்டால், ஸ்லைடு எவ்வளவு வேகமாக வந்தாலும் தோட்டா நகராது. ஆகவே மேகசினில் தோட்டாக்களை ஒழுங்காக அடுக்கும் பழக்கமும், மேகசினின் மேலுதடுகள் நசுங்காமலிருக்கின்றனவா என்ற பரிசோதனையும் அவசியம். குழலின் மேல் பதித்திருக்கும் பரிசோதனை முத்திரையையும் பார்க்க வேண்டும். இயல்புக்கு மிஞ்சிய அழுத்தமுள்ள தோட்டாவைச் சுட்டு (ஐரோப்பிய முறையில் இந்த மிகை 30 சதவிகிதம்) குழல் பிளக்கவில்லை என்று நிச்சயித்த பின்பே அம்முத்திரை இடப்படுகிறது. கையிலுள்ள பணம் முழுவதையும் துப்பாக்கியிலேயே செலவழித்துவிட்டு, பயிற்சித் தோட்டாவுக்கு ஒன்றும் மிச்சம் வைக்காமலிருப்பது பெரும் பிழை. பயிற்சியில்லாமல், அதிர்ச்சியில் மணிக்கட்டு தளர்ந்துவிடுகிற கையில், ஸ்லைடு தன் முழுத் தூரத்தையும் ஓடி முடிக்காமல் இடையிலே நின்றுவிடுவதும் நேரும்.

பழனி மலைச்சரிவில் காட்டுப்பன்றியால் கடலையும் மக்காச்சோளமும் இழந்து தவிக்கும் விவசாயியின் நிலை வேறு. அவருக்கு இந்த ஆயுதம் ஒருவிதத்திலும் உதவாது. சட்டமே பயிர்ப்பாதுகாப்புக்கென்று வருகிறவருக்கு வாய்வழி மருந்திடும் நாட்டுத் துப்பாக்கியை, அது போதாதென்று கண்டால் நீண்ட வழுக்குக் குழல் துப்பாக்கியைத்தான் கருதுகிறது. அதுவும் வனவிலங்குச் சட்டத்துக்கு உட்பட்டே. கைத்துப்பாக்கி கேட்பவரோ 21 வயது நிறைந்து, போலீஸ் விசாரணைக்கு உட்பட்டு, தக்க காரணத்தை மாவட்ட ஆட்சியருக்கு விளக்கியாக வேண்டும். 2016ஆம் வருஷத்து விதிகளின்படி ஆயுதத்தைப் பத்திரமாகக் கையாளும் பயிற்சிச் சான்றும் வேண்டும். இவையெல்லாம் கிடைத்தாலும், தேர்தல் அறிவிப்பு வந்ததும் போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வருவது வழக்கம். சந்தை வசூலை வங்கி வழியாகவே பெற்றுக்கொள்ள இன்று வழியிருக்கும்போது, ரொக்கத்தைக் குறைப்பது துப்பாக்கியைக் கூட்டுவதை விட மேலான காவல் என்று எனக்குத் தோன்றுகிறது; ஆயினும் வாங்குவதென்று தீர்மானித்தவருக்கு யந்திரத்தின் ஓர் அம்சத்தை அழுத்திச் சொல்லாமல் விடக்கூடாது.

மேகசினைக் கழற்றிவிட்டால் பிஸ்டல் காலியாகிவிட்டது என்று நம்புவது மிக அபாயகரமான நம்பிக்கை. முந்தைய சுழற்சியில் குழலுக்குள் ஏறிய தோட்டா அங்கேயே இருக்கும். சில வகைகளில் மேகசின் இல்லாவிட்டாலும் விசை இயங்கும். ஆகவே வாயைத் தரையை நோக்கியோ, குண்டை உள்வாங்கும் மணல்மூட்டையை நோக்கியோ பிடித்து, முதலில் மேகசினை எடுத்து, பிறகு ஸ்லைடை முழுவதும் இழுத்து, குழலின் பின்வாயைக் கண்ணாலும் சுண்டுவிரலாலும் சோதித்த பின்பே துடைக்கவோ பூட்டி வைக்கவோ வேண்டும். வரிசையை மாற்றி, ஸ்லைடை முதலில் இழுத்து மேகசினைப் பின்னால் எடுத்தால், இழுத்த ஸ்லைடு திரும்பும்போது இன்னொரு தோட்டாவை மீண்டும் உள்ளே ஏற்றிவிடும்.