நிவாரணக் காசு பாடசாலைக்கு வரும் வழி

2025 நவம்பர் 28ஆம் திகதி டித்வா புயல் இலங்கையில் கரை தொட்டது. நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலைகள் சரிந்தன, நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். உயர்தரப் பரீட்சை பாதியில் நின்று 2026 ஜனவரியில்தான் தொடர்ந்தது. இப்படியான அனர்த்தத்துக்குப் பிறகு எந்தத் தேயிலைத் தோட்டத்திலும் எழும் கேள்வி, “ஸ்கூலுக்குன்னு வந்த காசு எங்க போச்சு?” என்பதுதான். நுவரெலியா மாவட்டத்துக் கந்தப்பளைப் பெற்றோர் அதை அதிபரிடம் கேட்டால் அவர் கையை விரிப்பார். அவர் மறைப்பதாக நினைக்க வேண்டாம். அந்தக் காசு பெரும்பாலும் அவர் கைக்கே வருவதில்லை.

காசு இரண்டு வகை. ஒன்று பிள்ளைக்கு, மற்றது கட்டடத்துக்கு.

பாதிக்கப்பட்ட மாணவர் ஒருவருக்குத் திறைசேரியிலிருந்து 15,000 ரூபாய், ஜனாதிபதி நிதியத்திலிருந்து 10,000 ரூபாய் என்று அரசாங்கம் அறிவித்தது. பாடநூலும் சீருடைத் துணியும் எப்படியும் இலவசம். ஆகவே இது கொப்பிக்கும் புத்தகப்பைக்கும் சப்பாத்துக்குமான காசு. மூன்று பிள்ளைகள் படிக்கும் வீட்டுக்கு 75,000 ரூபாய். கொழுந்துச் சம்பளத்தில் ஓடும் குடும்பத்துக்கு இது சின்னத் தொகையல்ல.

ஆனால் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். எந்தக் குடும்பம் பாதிக்கப்பட்டது என்ற பதிவு கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் தொடங்குகிறது. தோட்டத்தில் அங்கேதான் சிக்கல். ஒரே லயத்து அறையில் இரண்டு குடும்பங்கள் இருக்கும், விலாசம் ஒன்றாக இருக்கும். அப்பாவும் அம்மாவும் கொழும்பில் கடையில் வேலை, பிள்ளை அம்மாச்சியோடு இங்கே படிக்கும். வாக்காளர் இடாப்பில் அம்மாச்சி பெயர் மட்டும். அந்தப் பிள்ளையின் பை சேற்றில் போயிருந்தாலும், யாராவது எடுத்துச் சொன்னால் ஒழியக் கடதாசியில் அது தெரியாது.

கட்டடத்துக்கான காசு இன்னும் சுற்றிப் போகிறது. தேசியப் பாடசாலை என்றால் பத்தரமுல்லை இசுருபாயவில் உள்ள கல்வி அமைச்சு பொறுப்பு. தோட்டப் பாடசாலைகளில் அநேகமானவை மாகாணப் பாடசாலைகள். அதிபர் சேத விபரத்தை நுவரெலியா வலயக் கல்விப் பணிமனைக்கு எழுதுவார், அது கண்டியிலுள்ள மாகாணக் கல்வித் திணைக்களத்துக்குப் போகும். பொறியியலாளர் வந்து மதிப்பீடு போடுவார். மண்சரிவு அபாயமுள்ள சரிவில் இருக்கும் பாடசாலை என்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையும் வேண்டும். இடம் ஆபத்து என்று அது சொன்னால், அதே இடத்தில் கட்டக் காசு ஒதுக்குவது வீண். வேறு காணி தேட வேண்டும், தேயிலைக் காணியோ தோட்ட நிர்வாகத்தின் கையில். இதெல்லாம் முடிந்த பிறகுதான் விலைமனு, ஒப்பந்தக்காரர்.

இதற்கிடையில் நாட்காட்டியும் ஒரு தடை. அரசாங்கத்தின் நிதியாண்டு டிசம்பர் 31இல் முடிகிறது, அந்த ஆண்டின் ஒதுக்கீட்டில் செலவாகாத மிச்சம் அத்தோடு காலாவதியாகும். புயல் வந்ததோ நவம்பர் கடைசியில். அதனால்தான் 2026க்கென்று 50,000 கோடி ரூபாய் குறைநிரப்பு மதிப்பீட்டைப் பாராளுமன்றம் டிசம்பரில் நிறைவேற்றியது. வீதி, வீடு, பாலம் எல்லாம் அதே காசுக்குக் கை நீட்டுகின்றன.

அமெரிக்காவில் வழி வேறு. அங்கே பாடசாலை மாவட்டம் என்பது தனி நிர்வாகம். கொவிட் காலத்தில் மூன்று தவணைகளில் ஏறக்குறைய 19,000 கோடி டொலர் கொடுத்தார்கள், பெரும்பங்கு மாநிலங்கள் வழியாகப் பாடசாலை மாவட்டங்களுக்குப் போனது. மூன்றாம் தவணையில் ஐந்தில் ஒரு பங்கையாவது பிள்ளைகள் இழந்த படிப்பை ஈடுசெய்யச் செலவிட வேண்டும், செலவுத் திட்டத்தை ஊராருக்கு வெளியிட வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். அந்தத் தவணைக் காசைச் செலவுக்கு ஒதுக்கி முடிக்க 2024 செப்டெம்பர் 30 கடைசி நாள். அங்கேயும் குறை இருந்தது: அந்தக் காசில் ஆள் சேர்த்த மாவட்டங்கள், காசு தீர்ந்ததும் சம்பளம் கொடுக்கத் திண்டாடின.

நமக்கு அவ்வளவு அதிகாரம் தேவையில்லை. பறந்துபோன தகரத்தை மாற்றவும், மலசலகூடத்தைத் திருத்தவும், நனைந்த மேசையை மாற்றவும் ஒரு சிறு தொகையைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் பொறுப்பில் விட்டாலே போதும். கண்டியிலிருந்து அனுமதி வரும்வரை கூரை காத்திருக்காது. மத்திய மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரிலேயே முடிந்துவிட்டது. ஆளுநர்தான் நடத்துகிறார், போய்க் கேட்க மாகாண சபை உறுப்பினர் என்று ஒருவர் இல்லை.

ஆகவே எழுத்தில் கேளுங்கள். சேதத்தைப் படம் எடுத்து, திகதி போட்டு, அபிவிருத்திச் சங்கக் கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள். வலயப் பணிமனைக்குப் போன கடிதத்தின் பிரதி ஒன்றை வாங்கி வையுங்கள். பதில் இல்லையென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. எங்கள் பாடசாலைக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள், எதற்குச் செலவழித்தீர்கள் என்று தமிழிலேயே எழுதித் தகவல் அதிகாரியிடம் கொடுக்கலாம். தருவதா மறுப்பதா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர் சொல்லியாக வேண்டும்.