2147483647

2147483647 (இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு இலட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு) என்பது 2³¹ − 1 க்குச் சமமான இயல் எண் ஆகும். இது எட்டாவது மெர்சென் பகா எண். குறியுடைய 32 பிட் முழு எண்ணாகக் கணினியில் சேமிக்கக்கூடிய மிகப் பெரிய மதிப்பும் இதுவே.

பகா எண் என்பதன் நிறுவல்

2 இன் அடுக்கு ஒன்றிலிருந்து 1 ஐக் கழித்துக் கிடைக்கும் பகா எண்கள், பிரான்சு நாட்டுத் துறவி மாரின் மெர்சென் பெயரால் வழங்கப்படுகின்றன. அடுக்கு பகா எண்ணாக இருத்தல் கட்டாயம். ஆனால் அது மட்டும் போதாது. எடுத்துக்காட்டாக, 2¹¹ − 1 = 2047 = 23 × 89. மெர்சென் 1644 இல் வெளியிட்ட அடுக்குகளின் பட்டியலில் 31 இடம்பெற்றது. எனினும் அதே பட்டியலில் 67, 257 ஆகியவை தவறாகச் சேர்க்கப்பட்டிருந்தன. 61, 89, 107 ஆகியவை விடுபட்டிருந்தன. ஆகவே பட்டியலில் இருப்பதைச் சான்றாகக் கொள்ள இயலாது.

இவ்வெண் பகா எண்ணே என்பதை லியோனார்டு ஆய்லர் 1772 இல் நிறுவினார். அப்போது அவர் ஏறத்தாழ முழுமையாகப் பார்வை இழந்திருந்தார். இவ்வெண்ணின் வர்க்கமூலம் 46341 ஐ விடச் சற்றே குறைவு. அதுவரையுள்ள ஒவ்வொரு பகா எண்ணாலும் வகுத்துப் பார்ப்பதாயின் ஏறத்தாழ 4,800 வகுத்தல்கள் தேவை. ஆய்லர் இவ்வேலையைப் பெரிதும் குறைத்தார்.

இவ்வெண்ணுக்கு ப என்னும் பகாக் காரணி இருப்பதாகக் கொள்வோம். அப்போது 2³¹ ஐ ப ஆல் வகுத்தால் மீதி 1. 31 பகா எண் ஆதலால், பெர்மாவின் சிறிய தேற்றப்படி ப − 1 ஆனது 31 ஆல் வகுபடவேண்டும். ப ஒற்றை எண் ஆகையால் ப − 1 என்பது 62 இன் மடங்கு. மேலும் 2³² ஐ ப ஆல் வகுத்தால் மீதி 2. 2³² ஆனது 2¹⁶ இன் வர்க்கம். இதிலிருந்து, ப ஐ 8 ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 ஆக மட்டுமே இருக்கமுடியும் என்பது பெறப்படும். இரண்டையும் சேர்த்தால், 248 ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 வரும் எண்களே எஞ்சுகின்றன. 46341 க்குள் அத்தகைய எண்கள், 1 நீங்கலாக, 373 மட்டுமே. அவற்றுள்ளும் பகா எண்களைச் சோதித்தாலே போதும். எதுவும் மீதியின்றி வகுக்கவில்லை.

நிறைவெண்

தன்னை நீக்கிய வகுஎண்களின் கூட்டுத்தொகைக்குச் சமமான எண் நிறைவெண் எனப்படும். இப்பகா எண்ணை 2³⁰ ஆல் பெருக்கினால் 2305843008139952128 என்னும் நிறைவெண் கிடைக்கிறது. இதைவிடப் பெரிய நிறைவெண்ணை எவரும் கண்டுபிடிக்கப் போவதில்லை என்று பீட்டர் பார்லோ 1811 இல் எழுதினார். பயனற்ற ஒன்றுக்காக யாரும் அவ்வளவு உழைக்கமாட்டார்கள் என்பது அவர் கருத்து. 1876 இல் எடுவார்டு லூக்கா 2¹²⁷ − 1 பகா எண் எனக் காட்டியதும் அக்கூற்று பொய்த்தது.

கணினியியலில்

32 பிட்டுகளில் ஒன்று குறிக்கு ஒதுக்கப்படுவதால் மதிப்புக்கு 31 பிட்டுகள் எஞ்சுகின்றன. எல்லை 2³¹ − 1 ஆவது இதனால்தான். இவ்வெல்லை பகா எண்ணாக அமைந்தது தற்செயலே. 16 பிட்டுக்கான எல்லையாகிய 32767 என்பது 7 × 31 × 151. 64 பிட்டுக்கான எல்லையும் 7 ஆல் வகுபடும்.

யுனிக்சு முறைமைகள் நேரத்தை 1970 சனவரி 1 முதல் கடந்த நொடிகளாகக் கணக்கிடுகின்றன. இதற்குக் குறியுடைய 32 பிட் எண்ணைப் பயன்படுத்தும் மென்பொருள்களில், ஒருங்கிணைந்த சர்வதேச நேரப்படி 2038 சனவரி 19 அன்று 03:14:07 மணிக்கு இவ்வெல்லை எட்டப்படும். அடுத்த நொடியில் மதிப்பு −2147483648 ஆக மாறி, தேதி 1901 டிசம்பர் 13 எனக் காட்டப்படலாம். 64 பிட் நேரத்துக்கு மாறிய முறைமைகளில் இச்சிக்கல் இல்லை. ஆனால் நேரத்தை 32 பிட்டில் எழுதிவைக்கும் பழைய கோப்பு வடிவங்களையும், கருவிகளுக்குள் பதிக்கப்பட்ட மென்பொருள்களையும் தனித்தனியே திருத்தவேண்டும்.