உத்திரத்தின் தொய்வு

சேர்வராயன் மலையில் ஏற்காட்டைச் சூழ்ந்துள்ள சிற்றூர்களுள் செம்மநத்தமும் ஒன்று. இம்மலையின் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கென வளர்க்கப்படும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி படர்ந்திருக்கும். மலையோ சார்னோக்கைட் என்னும் கடும்பாறையால் ஆனது. மரம், கல் எதனால் அமைந்தாலும் உத்திரம் சுமையின்கீழ் வளையும். மரத்தின் வளைவைக் கண் காணும். கல்லின் வளைவைக் கணக்கே காட்டும்.

உத்திரத்தின் ஓரிடத்தில் எவ்வளவு வளைமை உண்டாகும் என்பது அவ்விடத்து வளைவுத் திருப்புத்திறனைப் பொறுத்தது. அத்திருப்புத்திறனை யங் குணகம், குறுக்குவெட்டின் நிலைமத் திருப்புத்திறன் ஆகியவற்றின் பெருக்கற்பலனால் வகுத்தால் வளைமை கிடைக்கும். மீட்சி வளைகோடுகள் பற்றி ஆய்லர் 1744இல் வெளியிட்ட ஆய்வு இத்தொடர்பை அடிப்படையாகக் கொண்டது. சாய்வு மிகச் சிறிதாயின், வளைமையைத் தொய்வின் இரண்டாம் வகைக்கெழு எனலாம். எனவே அதனை ஒருமுறை தொகையிட்டால் சாய்வும், மறுமுறை தொகையிட்டால் தொய்வும் கிடைக்கும். இதுவே இரட்டைத் தொகையீட்டு முறை.

ஒவ்வொரு தொகையீட்டிலும் ஒரு மாறிலி தோன்றும். மாணவர் பலர் இதனை எழுத மறப்பர். மறந்தால் உத்திரம் காகிதத்தில் சுவரை விட்டு மேலெழுந்தோ கீழிறங்கியோ நிற்கும்! இரு முனைகளும் சுவர்களின்மேல் அமர்ந்திருப்பதால் அங்குத் தொய்வு சுழியம். இவ்விரு நிபந்தனைகளும் இரு மாறிலிகளையும் தந்துவிடுகின்றன. சுமை சீராகப் பரவியிருப்பின், நடுவிலுள்ள பெருமத் தொய்வைப் பின்வருமாறு பெறலாம்: ஒரு மீட்டருக்கான சுமையையும் நீளத்தின் நான்காம் அடுக்கையும் 5/384ஆல் பெருக்கி, முற்கூறிய பெருக்கற்பலனால் வகுக்க வேண்டும்.

மலைவீடு ஒன்றின் மர உத்திரம் 4 மீட்டர் நீளம், 100 மில்லிமீட்டர் அகலம், 200 மில்லிமீட்டர் உயரம் உடையது எனக் கொள்க. மீட்டருக்கு 2 கிலோ நியூட்டன் சுமை. யங் குணகம் 10 கிகா பாஸ்கல். நடுத்தொய்வு 10 மில்லிமீட்டர். முனைச் சாய்வு 0.008 மட்டுமே, ஆதலால் மேற்கொண்ட தோராயம் பிழையன்று. அதே மரத்தைப் படுக்கைவாட்டில் வைத்தால் தொய்வு 40 மில்லிமீட்டராகும். உத்திரத்தைத் தச்சர் நிமிர்த்தி வைப்பது இதனாலேயே. நீளத்தை 8 மீட்டராக்கினால், நிமிர்ந்த உத்திரமும் 160 மில்லிமீட்டர் தொய்யும் என்கிறது அதே வாய்பாடு. நீளம் இருமடங்கு; தொய்வோ பதினாறு மடங்கு.

கல்லின் நிலை வேறு. அதன் யங் குணகம் மரத்தினும் பன்மடங்கு பெரிது; ஆகவே தொய்வு அற்பம். ஆனால் இழுவிசையைத் தாங்கும் ஆற்றல் அதற்குக் குறைவு. வளையும்போது உத்திரத்தின் அடிப்பரப்பு இழுபடுவதால், கல் அங்கிருந்தே விரிசல் காணும். மரம் தொய்ந்து எச்சரிக்கும். கல் எச்சரிப்பதில்லை, முறிந்துவிடும். கீழே நிற்பவர்க்கு விலக நேரமிராது.

கோயில் மண்டபங்களில் தூணின் தலையில் இருபுறமும் நீளும் போதிகை, தூண்களுக்கிடையிலுள்ள வெளியைக் குறைக்கிறது. 3 மீட்டர் இடைவெளியைப் போதிகைகள் 2.4 மீட்டராகச் சுருக்கினால், நீளத்தின் இருமடியைப் பொறுத்த பெரும வளைவுத் திருப்புத்திறன் 64 விழுக்காடாகிறது. தொய்வோ 41 விழுக்காட்டிற்கு இறங்குகிறது. மதுரையிலும் திருவரங்கத்திலும் ஆயிரங்கால் மண்டபங்களில் தூண்கள் நெருங்கி நிற்பதன் காரணத்தையும் இக்கணக்கிலேயே காணலாம்.