நின்ற இதயம் மறுபடி துடித்த பிறகு

மீரியபெத்தத் தோட்டத்து மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவரோ லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தவரோ திடீரென்று சாய்ந்துவிட்டால், "பதுளைக்குக் கொண்டுபோவோமா, கண்டிக்கா?" என்ற பேச்சுதான் முதலில் எழும். பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தால் பிழைத்துவிடுவார் என்ற நம்பிக்கை அது. ஆனால் அந்த நேரத்தில் ஊரை விட நிமிடமே முக்கியம்.

மாரடைப்பும் இதயம் நின்றுபோவதும் ஒன்றல்ல. மாரடைப்பு வந்தவருக்கு நெஞ்சு வலிக்கும், வியர்த்துக் கொட்டும், ஆனாலும் பெரும்பாலும் பேசுவார். இதயம் நின்றுபோனவர் தட்டி எழுப்பினாலும் அசையமாட்டார். மூச்சு இருக்காது, சிலருக்கு மட்டும் வாய் திறந்து விட்டு விட்டு இழுக்கும். அந்த இழுப்பைப் பார்த்து "உயிர் இருக்கு" என்று தண்ணீர் தெளித்துக் காத்திருப்பதில்தான் பலர் போய்விடுகிறார்கள். அது சரியான மூச்சு அல்ல.

ஒருவர் 1990க்கு அழைக்க வேண்டும். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு கிடையாது. இன்னொருவர் உடனே நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம் இறங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். களைத்தால் ஆள் மாறலாம், நிறுத்தக்கூடாது. யாரும் அழுத்தாமல், இதயத்தை மறுபடி இயக்கும் மின்னதிர்ச்சியும் கிடைக்காமல் கடக்கும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் 7 முதல் 10 வீதத்தைத் தின்றுவிடுகிறது. லொறியின் பின்னால் கிடத்திக் குலுங்கிக்கொண்டு போனால் ஒழுங்காக அழுத்த முடியாது.

துடிப்பு திரும்பிய பின் எங்கே கொண்டுபோவது? இதற்கு லண்டனில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. வெளியில் இதயம் நின்று, துடிப்பு திரும்பிய 862 பேர். ஈசிஜியில் பெரிய இரத்தக்குழாய் முழுதாக அடைபட்டதற்கான அடையாளம் இல்லாதவர்கள். பாதிப் பேரை இதயம் நின்றவர்களுக்கென்றே இருந்த விசேட நிலையங்களுக்கும், மீதிப் பேரைப் பக்கத்து வைத்தியசாலைகளுக்கும் கொண்டுபோனார்கள். 30 நாட்களுக்குள் இறந்தவர்கள் இரு பக்கமும் 63 வீதம்தான்.

இதை அப்படியே நம் ஊருக்குப் பொருத்திவிடக் கூடாது. லண்டனின் சாதாரண வைத்தியசாலையும் கொஸ்லந்தை வைத்தியசாலையும் ஒன்றல்ல. முதலில் கிட்டத்து வைத்தியசாலையில் மூச்சையும் பிரஷரையும் நிலைப்படுத்தி, பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள இடத்துக்கு மாற்றுவதுதான் இங்கே சரியான வழி. அடைப்பு ஈசிஜியில் தெளிவாகத் தெரிந்தால் கதை வேறு. அப்போது குழாயைத் திறக்க வேண்டும். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவதா, அஞ்சியோகிராம் வசதியுள்ள இடத்துக்கு அனுப்புவதா என்பதை டொக்டர் முடிவு செய்வார்.

அந்தத் தீவிர சிகிச்சை அப்படி என்னதான் செய்கிறது? பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. இரத்தம் இல்லாமல் தவித்த மூளைக்கு இரண்டாவது அடி விழாமல் காப்பதுதான் அதன் வேலை. குழாய் வழியே மூச்சு கொடுத்து, ஒக்சிஜனைக் கூடாமலும் குறையாமலும் 94 முதல் 98 வீதத்துக்குள் வைப்பார்கள். பிரஷர் விழாமல் மருந்து ஓடும். வலிப்பு வருகிறதா, சீனி ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். முன்பெல்லாம் உடம்பை 33 பாகைக்குக் குளிர வைத்தார்கள்; 2021இல் வந்த பெரிய ஆய்வு, அதனால் கூடுதல் நன்மை இல்லை என்று காட்டியது. இப்போது காய்ச்சல் வராமல் தடுப்பதில்தான் கவனம்.

குடும்பத்தை வாட்டும் நேரம் இது. கண் திறக்காமல் கிடப்பவரைப் பார்த்து, "இனி எழும்பமாட்டார், வீட்டுக்குக் கொண்டுபோவோம்" என்று யாராவது ஒருவர் சொல்வார். அவசரப்படாதீர்கள். மயக்க மருந்தும் உடம்பில் இருக்கும். மூளை தேறுமா என்பதைக் குறைந்தது 72 மணித்தியாலம் போன பிறகுதான், அதுவும் பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்துத்தான், டொக்டர்கள் சொல்ல முடியும்.

பிழைத்து வருபவருக்கு மறதியும் களைப்பும் கோபமும் சில மாதங்கள் இருக்கலாம். அது பிடிவாதம் அல்ல, நோயின் மிச்சம். டயக்னோசிஸ் கார்டைப் பத்திரமாக வைத்து, ஒரு நாள் பேர் (நாட்சம்பளம்) போனாலும் கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள். இளவயதில் இதயம் நின்றிருந்தால், கூடப் பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஈசிஜி எடுக்க வேண்டுமா என்று அங்கேயே கேளுங்கள்.