பர்மனென்ட் ஆனதும் சொல்லுங்க!

ஓசூரில் ஓர் இளைஞனைப் பார்த்து யாரும் 'என்ன வேலை?' என்று கேட்பதில்லை. 'பர்மனென்ட்டா?' என்றுதான் கேட்பார்கள். பெண் கொடுக்க வருகிறவர், வீடு வாடகைக்கு விடுகிறவர், தவணையில் பைக் தருகிறவர்... ஏன், தெருவில் சீட்டுப் பிடிக்கிற அம்மா வரைக்கும் இதே கேள்விதான்.

நம்ம நண்பர் ஒருவர் இந்தக் கேள்வியை இரண்டு கண்டங்களில் சந்தித்தவர். (பெயர் வேண்டாம் என்கிறார். விண்ணப்பம் இன்னும் பரிசீலனையில் இருக்கிறதாம். வம்பு எதற்கு?)

2015-ல் சிப்காட்டில் கியர் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தார். இரண்டு வருடம் ட்ரெய்னி. அப்புறம் ஆறு மாதம் புரொபேஷன். அதை இன்னொரு ஆறு மாதம் நீட்டினார்கள். 2018-ல் ஒருவழியாக கன்ஃபர்மேஷன் லெட்டர் கைக்கு வந்தது. அம்மா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் குங்குமமெல்லாம் இட்டார். நாலே வருடத்தில் பிள்ளை அந்த வேலையை ராஜினாமா செய்துவிட்டு ஆஸ்திரேலியாவுக்கு விமானம் ஏறினார். அங்கே கிடைத்தது என்ன? டெம்பரவரி!

அப்பாவுக்குத் தாங்கவில்லை. "இங்க பர்மனென்ட் ஆகறதுக்கே மூணு வருஷம் நாயா பேயா அலைஞ்சே. அதை விட்டுட்டு அங்க போயி மறுபடியும் மொதல்ல இருந்தா?" என்றார். அவர் எண்பதுகளில் சிப்காட்டுக்கு வந்தவர். தமிழ்நாட்டில் 1981-ல் கொண்டுவந்த நிரந்தர அந்தஸ்துச் சட்டம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்துவிட்டால் தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்கிற சட்டம். 'நானூத்தி எம்பது' என்றாலே அந்தக் காலத்து ஆசாமிகள் நிமிர்ந்து உட்காருவார்கள். 'நானூத்தி எழுபத்தொம்பதாம் நாள் கேட்டை மூடிட்டான் சார்' என்று டீக்கடையில் ஒருத்தராவது கதை சொல்லுவார்.

மகனுக்கு வாய்த்த நம்பர் 491. அது பஸ் ரூட் நம்பர் இல்லை. ஆஸ்திரேலியாவின் பிராந்தியத் திறனாளர் தற்காலிக விசா. பழைய 489-க்குப் பதிலாக 2019 நவம்பர் 16-ம் தேதி அமலுக்கு வந்தது. ஐந்து வருடம் செல்லும். சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் ஆகிய மூன்று பெருநகரங்களைத் தவிர்த்து, அரசு குறித்துக் கொடுத்த பகுதிகளில்தான் வசிக்க வேண்டும், வேலை பார்க்க வேண்டும், படிக்க வேண்டும். பட்டிக்காட்டில் தள்ளிவிடுவார்களோ என்று பயப்பட வேண்டாம். பெர்த், அடிலெய்டு, கான்பெரா எல்லாமே இந்தக் கணக்கில் 'பிராந்தியம்'தான். அந்த மூன்றுக்கு மட்டும் நுழைவு கிடையாது, அவ்வளவே.

இந்த விசாவுக்கு மார்க் போடுகிறார்கள். குறைந்தது 65 பாயின்ட் வேண்டும். ஆனால் 65 வைத்திருப்பவரை யாரும் கூப்பிடுவதில்லை. பிளஸ் டூவில் பாஸ் மார்க் வாங்கிவிட்டு அண்ணா யுனிவர்சிட்டி சீட் கேட்கிற கதைதான். நான் பி.காம். என்பதால் நண்பரின் கூட்டலை என்னிடம்தான் கொண்டுவந்தார். வயது 25-லிருந்து 32-க்குள்: 30. பட்டப்படிப்பு: 15. ஐந்து வருடத்துக்கு மேல் அனுபவம்: 10. ஐ.இ.எல்.டி.எஸ். பரீட்சையில் நாலு பகுதியிலும் ஏழு: 10. மாநில அரசின் சிபாரிசு: 15. இதெல்லாம் சேர்ந்து 80. இன்னொரு பத்து எங்கிருந்து வந்தது தெரியுமா? கல்யாணம் ஆகவில்லை என்பதற்காக! பிரம்மச்சாரிக்குப் பத்து பாயின்ட் போடுகிற ஒரே கவர்ன்மென்ட் அதுதான் என்று நினைக்கிறேன். அம்மா ஜாதகக் கட்டை எடுக்கும்போதெல்லாம், "பத்து பாயின்ட் போயிடும்மா!" என்று கத்துவாராம்.

இதற்கு முன்னால் ஒரு கண்டம் உண்டு. நீங்கள் இன்ஜினீயர்தானா என்று 'இன்ஜினீயர்ஸ் ஆஸ்திரேலியா' என்கிற அமைப்பு சான்று தர வேண்டும். அதற்கு நீங்கள் செய்த வேலையைப் பற்றி மூன்று அத்தியாயங்கள், உங்கள் சொந்த நடையில் எழுதித் தர வேண்டும். பெங்களூரில் ஓர் ஏஜென்ட், "எதுக்கு சார் கஷ்டப்படறீங்க? ரெடிமேடா இருக்கு. கியர் பாக்ஸா, பம்ப்பா, கன்வேயரா... எது வேணும்?" என்று மெனு கார்டு நீட்டினார். நண்பர் ஏறக்குறைய விழுந்துவிட்டார். பிறகுதான் தெரிந்தது, காப்பி அடித்தது கண்டுபிடிக்கப்பட்டால் விண்ணப்பம் போவதோடு அடுத்த விண்ணப்பத்துக்கும் தடை போடுவார்கள் என்று. மூன்று மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து தானே எழுதினார். கியர் பல்லில் ஏன் கீறல் விழுந்தது, அதை எப்படிப் பிடித்தார் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. எனக்குப் படித்துக் காட்டினார். புரியவில்லை என்றாலும் நன்றாகத்தான் இருந்தது.

விசா கட்டணம் நாலாயிரம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல். நம்ம ரூபாயில் இரண்டு லட்சம் தாண்டிவிடும். கிடைக்காவிட்டால் அது வாபஸ் வராது. 2022 நடுவில் விசா வந்தது. அந்த வருடம் தீபாவளி வாரத்தில் கிளம்பினார்.

ஒரு விதத்தில் இவர் அதிர்ஷ்டசாலி. இதே விசாவை முதல் கோஷ்டியாக வாங்கியவர்கள் பாடு பரிதாபம். 2020 மார்ச் 20-ம் தேதி ஆஸ்திரேலியா எல்லையை இழுத்து மூடியது. விசாதாரர்களுக்குக் கதவு திறந்தது 2021 டிசம்பர் 15. இடையில் மாட்டிக்கொண்டவர்களின் விசா, தலைமாட்டில் ஐஸ் கட்டி மாதிரி கரைந்துகொண்டிருந்தது. பிற்பாடு காலத்தை நீட்டித்துத் தந்தார்கள் என்பது வேறு விஷயம். வேலையை விட்டவனுக்கு அந்த இருபத்தோரு மாதச் சம்பளத்தை யார் நீட்டித்துத் தருவது?

நண்பர் போய்ச் சேர்ந்த ஊர் ஜீலாங். மெல்போர்னிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர். ரயிலில் ஒரு மணி நேரம். கேள்விப்பட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெங்களூரிலிருந்து 40 கிலோமீட்டரில் பிறந்து, பெங்களூர்க்காரன் ஆகாமலே வளர்ந்தவருக்கு, அங்கேயும் அதே மாதிரி ஊரா? 

"ஒரு வித்தியாசம் இருக்கு" என்றார் போனில். "நம்ம ஊர்ல காலையில அத்திப்பள்ளியைத் தாண்டி எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போயிட்டு, ராத்திரி ஓசூர்ல வந்து படுக்கலாம். இங்க அது முடியாது. வெரிபீ தாண்டி ஊர் சுத்தலாம், கோயிலுக்குப் போகலாம், மசாலா சாமான் வாங்கலாம். அந்தப் பக்கம் வேலை பார்த்தேன்னு தெரிஞ்சா போச்சு. பின்கோடை வெச்சுக் கோடு போட்டிருக்கான்!"

வேலை? அங்கேதான் வேடிக்கை. ஜீலாங்கில் ஒரு காலத்தில் ஃபோர்டு கம்பெனி கோலோச்சியது. 2016 அக்டோபரில் மூடிவிட்டார்கள். மறு வருடம் அக்டோபரில் டொயோட்டாவும் ஹோல்டனும் மூட, அந்த நாட்டில் கார் தயாரிப்பே நின்றுபோனது. கியர் நிபுணர் ஒருவர், கார் செய்யாத நாட்டுக்குப் போய் இறங்கியிருக்கிறார்! நல்லவேளை, இந்த விசாவில் குறிப்பிட்ட முதலாளியிடம்தான், குறிப்பிட்ட தொழிலில்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஊர்தான் கட்டாயம். முதல் எட்டு மாதம் ஒரு உணவுத் தொழிற்சாலையில் நைட் ஷிப்ட். பிறகு அதே இடத்தில் மெஷின் பராமரிப்பு. "மைக்ரான்ல அளந்தவன் சார் நான். இப்ப சீஸ் பாக்கெட் நேரா ஒட்டியிருக்கான்னு பார்க்கறேன்" என்றபோது சிரித்தார். ஆனால் சிரிப்பு முழுசாக இல்லை. போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. பாயின்ட் கொடுப்பது உங்கள் தொழிலுக்கு. வேலை கொடுப்பது அந்த ஊரில் என்ன இருக்கிறதோ, அது.

சரி, எப்போது பர்மனென்ட்?

அதற்கு நம்பர் 191. 491 கைக்கு வந்து குறைந்தது மூன்று வருடம் ஆகியிருக்க வேண்டும். ஊர் நிபந்தனையை மீறியிருக்கக் கூடாது. மூன்று நிதியாண்டுகளுக்கு ஆஸ்திரேலிய வரி இலாகா அனுப்பிய வரி மதிப்பீட்டு நோட்டீஸ் காட்ட வேண்டும். அங்கே நிதியாண்டு ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடிகிறது. (நம்ம மார்ச் 31 அவஸ்தை அங்கே ஜூனில்.) பி.காம். படித்தவனாக நான் சொல்லக்கூடிய ஒரே உருப்படியான விஷயம் இதுதான்: சில கடைகளில், 'கையில் காசு வாங்கிக்கோ, கணக்கு வேண்டாம்' என்பார்கள். மணிக்கு ரெண்டு டாலர் கூடக் கிடைக்கிறதே என்று மயங்கினால், வரிக் கணக்கில் நீங்கள் அந்த வருடம் வேலையே பார்க்கவில்லை என்றாகிவிடும். வரி கட்டாமல் இருக்க வழி தேடுகிற உலகத்தில், 'என்னிடம் வரி வாங்கிக்கொண்டு ஒரு சீட்டு கொடுங்கள்' என்று கெஞ்சுகிற ஜாதி இந்த 491 ஜாதி!

இந்த வருமான விவகாரத்தில் ஒரு சஸ்பென்ஸ் வேறு. ஆரம்பத்தில், மூன்று வருடமும் வரிக்குரிய வருமானம் 53,900 டாலர் இருந்தாக வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். முதலில் போனவர்கள் அந்த எண்ணைச் சுவரில் எழாத குறையாக வைத்துக்கொண்டு, வார நாளில் ஃபாக்டரி, வார இறுதியில் டாக்ஸி என்று ஓடினார்கள். கடைசியில் 2022 நவம்பரில் 191-க்குக் கதவு திறந்தபோது, குறைந்தபட்சத் தொகை எதுவும் வைக்கவில்லை. ஓடியவர்களுக்கு ஓடிய காசு மிச்சம்.

2024 ஆரம்பத்தில் லீவில் வந்தார் நண்பர். பர்கூர் பக்கம் பெண் பார்க்கப் போனார்கள். துணைக்கு நானும் போனேன். பெண்ணின் அப்பாவுக்கு மாந்தோப்பு. சீஸனில் மாங்கூழ் ஃபாக்டரிகளுக்கு லாரி லாரியாக அனுப்புகிறவர். பஜ்ஜி, கேசரி முடிந்ததும் விசாரணை ஆரம்பம்.

"பர்மனென்ட்டா தம்பி?"

"இல்லீங்க மாமா... புரொவிஷனல். ஆனா அஞ்சு வருஷம் இருக்கு. கல்யாணம் ஆனா அவங்களும் வரலாம், வேலை பார்க்கலாம். ஆஸ்பத்திரி செலவுக்கு மெடிகேர் கூட உண்டு. அடுத்த வருஷம் பர்மனென்ட்டுக்கு அப்ளை பண்ணலாம்."

"அப்ளை பண்ணினா உறுதியா வந்துடுமா?"

நண்பர் ஒரு நிமிடம் தடுமாறினார். பொய் சொல்லத் தெரியாதவர். "நிபந்தனையெல்லாம் சரியா இருந்தா வரும்ங்க" என்றார்.

பெரியவர் வெற்றிலையை மடித்தபடி, "மரத்துல காய் இருக்கு, சரி. பழுத்தாத்தானே கூழு போட முடியும்? பர்மனென்ட் ஆனதும் சொல்லுங்க" என்றார். காரில் திரும்பும்போது யாரும் பேசவில்லை. கிருஷ்ணகிரி டோல்கேட் தாண்டியதும் அப்பாதான் மெல்ல, "நானூத்தி எம்பது நாள் முடியாதவனுக்கு எனக்கும் இப்படித்தான்டா சொன்னாங்க" என்றார்.

ஆனால் பெண் வேறு மாதிரி. எப்படியோ நம்பர் வாங்கி, இவருக்கு அவளே போன் செய்துவிட்டாள்!

சோதனை 2025 பிப்ரவரியில் வந்தது. மெல்போர்னில் ஒரு கம்பெனி. கியர் பாக்ஸ் ரிப்பேர், டெஸ்டிங். இவர் கற்ற வித்தை. சம்பளம் ஒன்றரை மடங்கு. அவர்களே ஸ்பான்சர் செய்து நிரந்தர விசாவுக்கு மனுப் போடுகிறோம் என்றார்கள். நண்பர் ஒரு வாரம் தூங்கவில்லை. விதி என்ன சொல்கிறது? 491-ல் இருப்பவர் அந்த மூன்று வருடத்தை முடிக்கும் வரை, முதலாளி ஸ்பான்சர் விசா உட்பட பெரும்பாலான மற்ற நிரந்தர விசாக்களுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. குறுக்கு வழிக்கெல்லாம் முள்வேலி. இன்னும் சில மாதம்தான் பாக்கி, காத்திருப்பீர்களா என்று கேட்டார். கம்பெனி காத்திருக்கவில்லை.

"தப்பு பண்ணிட்டேனா?" என்று என்னிடம் கேட்டார். எனக்கு என்ன தெரியும்? "சீஸ் பாக்கெட்டை ஒழுங்கா ஒட்டு" என்றேன்.

சின்ன ஊரில் இருப்பதில் ஒரு நன்மையும் உண்டு. குவீன்ஸ்லாந்தில் பிலோயிலா என்று ஒரு சிற்றூர். அங்கே இருந்த இலங்கைத் தமிழர்களான பிரியா - நடேஸ் குடும்பத்தின் கதை உலகம் முழுக்க வந்தது. அவர்கள் இந்த விசாவில் போனவர்கள் அல்லர், அகதிகளாகத் தஞ்சம் கேட்டவர்கள். 2018 மார்ச்சில் விடியற்காலையில் வீடு புகுந்து அழைத்துப்போய்க் காவலில் வைத்தார்கள். பிறகு கிறிஸ்மஸ் தீவுக்குக் கொண்டுபோனார்கள். நடேஸ் அந்த ஊர் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஊர் சும்மா இருக்கவில்லை. 'எங்கள் குடும்பத்தைத் திருப்பிக் கொடு' என்று நாலு வருடம் போராடியது. 2022 ஜூனில் ஊர் திரும்பினார்கள். ஆகஸ்டில் நிரந்தர விசா. பெருநகரத்தில் அடுத்த வீட்டுக்காரரின் பெயர் தெரிவதற்குள் வாடகை ஒப்பந்தம் முடிந்துவிடும். அங்கே ஓர் ஊரே தெருவுக்கு வந்தது.

நண்பருக்கும் ஜீலாங்கில் அப்படிச் சிலர் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டு வயதான தம்பதிக்கு இவர் ஓட்டைக் குழாய் சரிசெய்வார். அவர்கள் தோட்டத்து எலுமிச்சை தருவார்கள். அதில் ஊறுகாய் போட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். அவர்கள் அதை ரொட்டியில் தடவிச் சாப்பிட்டதாகக் கேள்வி.

2025 ஜூனுடன் மூன்றாவது நிதியாண்டு முடிந்தது. ஆகஸ்டில் மூன்று நோட்டீஸ், வாடகை ரசீது, சம்பளச் சீட்டு எல்லாம் சேர்த்து 191-க்கு மனுப் போட்டார். இதற்குக் கட்டணம் சில நூறு டாலர்தான். ஆனால் மனுப் போட்டதும் சுதந்திரம் என்று இல்லை. முடிவு வரும் வரை 491 செல்லுபடியில் இருப்பதால், அதே ஊர், அதே பின்கோடு, அதே வேலி. குடியுரிமை என்பது அதற்கும் அப்பால். நாலு வருடம் அங்கே வசித்திருக்க வேண்டும், அதில் கடைசி ஒரு வருடம் பர்மனென்ட்டாக. வாங்கினால் நம்ம பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். "அதைப் பத்தி இப்பப் பேசாதே" என்று அம்மா காதைப் பொத்திக்கொள்கிறார்.

மாந்தோப்புப் பெரியவர் மாதம் ஒருமுறை, "என்னாச்சு தம்பி?" என்று விசாரிக்கிறார். பெண் தை வரைக்கும் டைம் வாங்கி வைத்திருக்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. பின்னால் ரயில் நிலைய அறிவிப்புச் சத்தம். கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்புகிறாராம்.

"மெல்போர்ன்ல ஃப்ரெண்ட் வீடு இருக்கே, ராத்திரி தங்கிட்டு வரலாமே?"

"தங்கலாம் சார். ஒரு ராத்திரி தங்கினா தப்பே இல்ல, சட்டத்துல இடம் இருக்கு. ஆனா இந்த மூணு வருஷத்துல ஒரு தடவை கூடத் தங்கினதில்ல. பயம்! சரி, ஜீலாங் வண்டி வந்துடுச்சு, வெச்சுடறேன்."